பகலில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி

போன மாதம் சேலத்தில் ஓர் ஓவியக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். நான் ஓவியம் பார்க்கிற ஆள் எல்லாம் இல்லை. சேலம் போனால் புடவைக் கடைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில் என் பயணம் முடிந்துவிடும். ராஜாமணியக்காவின் படங்களை மாட்டியிருக்கிறார்கள் என்று அக்காவின் தோழி சாந்தி போன் பண்ணியதால்தான் போனேன். ஏசி ஹால், வழவழவென்று தரை, பேசினால் எதிரொலிக்கிற அமைதி. அந்த அமைதியில், ஒரு காலத்தில் பஸ் ஸ்டாண்டு சுவரில் வெயிலில் காய்ந்த அவருடைய கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் வரிசையாகத் தொங்கின. கிழிந்த ஓரங்கள் அப்படியே. கிழிசல்தான் அழகாம், பக்கத்தில் நின்ற ஒரு குர்தாக்காரர் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வாசலில் அக்காவின் போட்டோ. அதற்குக் கீழே ஓர் அட்டை: "ராஜாமணி. ஓவியர், சமூக ஆர்வலர். எளிய பெண்களின் துயரைக் கோடுகளில் வடித்தவர்." மறுபடி படித்தேன். வேறு எங்காவது போட்டிருப்பார்களோ என்று ஹாலைச் சுற்றி வந்தேன். எங்கும் இல்லை. ஏற்பாடு செய்த பையனைப் பிடித்துக் கேட்டேன். "அவங்க பாலியல் தொழிலாளிப்பா. அது எங்க காணோம்?" அந்தப் பையன் சிரித்த முகம் மாறாமல், "ஸ்கூல் பசங்க எல்லாம் வர்றாங்க மேடம், அந்த வார்த்தை போட்டா ஒரு மாதிரி இருக்கும்" என்றான்.

ஒரு மாதிரி இருக்குமாம்! எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. அக்காவுக்கு விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்ததே நான்தான். பெயர், அதற்குக் கீழே ஓவியர், அதற்குக் கீழே அதே அளவு எழுத்தில் பாலியல் தொழிலாளி. "ரெண்டு எழுத்தும் ஒரே சைசுல இருக்கோணும் சாமி, ஒண்ணு பெரிசு ஒண்ணு சிறுசுன்னு வெச்சிராத" என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து வாங்கிக்கொண்டு போனவர். ஒரு கூட்டத்தில் மைக்கில் அவரைச் 'சமூக சேவகி' என்று அறிவித்தபோது, "நா யாருக்குங்க சேவ பண்ணுனேன், தொழிலுதான பண்ணுனேன்" என்று மேடையிலேயே கேட்டுவிட்டு இறங்கி வந்தவர். செத்த பிறகு அவரைச் சுத்தம் செய்து சட்டத்துக்குள் வைத்துவிட்டார்கள். உயிரோடு இருந்தால் அந்த அட்டையைப் பிய்த்து அந்தப் பையன் கையிலேயே கொடுத்திருப்பார்.

கோபத்தோடு ஒரு படத்தின் முன்னால் போய் நின்றேன். கண்ணாடிக்கு உள்ளே இருந்தாலும் எனக்கு மைதாப் பசை வாசம் அடித்தது. நம்புங்கள், மூக்குக்கு அறிவு கிடையாது. பழைய பெயிண்ட் டப்பாவில் மைதாவைக் கரைத்துப் போட்டு, மாடு நக்காமல் இருக்க ஒரு கட்டி மயில்துத்தம் தட்டிப் போட்டு, குச்சியால் கிண்டிக் காய்ச்சுவார்கள். கொஞ்சம் புளித்த வாசம், கொஞ்சம் மருந்து வாசம். நான் வேலை பார்த்த நாமக்கல் பிரஸ்ஸின் பின்கட்டு முழுக்க அந்த வாசம்தான். என் கல்யாணத்தன்றுகூட தலையில் அந்த வாசம் இருந்ததாக வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

அந்த பிரஸ்ஸில் நான் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிற பெண். கல்யாணப் பத்திரிகை, கோழித்தீவன பில் புக், போர்வெல் ரிக் வண்டிக்காரர்களின் லெட்டர் பேடு எல்லாம் அடித்தாலும், முக்கியமாக என் இலாகா கண்ணீர் அஞ்சலி. இந்தப் பக்கம் ஒரு சாவு விழுந்தால், பாடை கட்டுவதற்கு முன்னால் ஒருவர் போட்டோவோடு பிரஸ்ஸுக்கு ஓடிவருவார். பிறப்பு, இறப்பு, நடுவில் முகம், அடியில் மனைவி, மக்கள், மருமக்கள், பேரன் பேத்திகள், மற்றும் உற்றார் உறவினர்கள். அதில் ஒரு மருமகன் பெயர் விட்டுப்போனால் போதும், துக்க வீட்டில் இன்னொரு துக்கம் நடக்கும். நேரம் மிச்சம் பிடிக்க நான் பழைய பைலைத் திறந்து அதிலேயே புதுசை அடிப்பது வழக்கம். அப்படி ஒருமுறை ஒரு பெண்ணின் பூப்புச் சீர் பத்திரிகை, அடியில் "ஆழ்ந்த துயரத்துடன்" என்ற வரியோடு அச்சாகிப் போய்விட்டது. தாய்மாமன் பிரஸ்ஸுக்கு வந்து நின்ற நிற்பு இருக்கிறதே, அதை இன்னொரு நாள் சொல்கிறேன்.

ராஜாமணியக்கா அங்கே படம் போட வருவார். பிள்ளையார், குத்துவிளக்கு, வாழைமரம், தாலி கட்டுகிற கை என்று எதைக் கேட்டாலும் இந்தியன் இங்க் தொட்டு, அழிக்காமல், திருத்தாமல் போட்டுக் கொடுப்பார். போட்டோ கிடைக்காத பெரிசுகள் செத்தால் வீட்டார் சொல்லச் சொல்ல முகம் வரைவார். கறுப்பு, நல்ல உயரம், காதில் ஒன்றும் போடமாட்டார், ஆனால் தலை நிறையப் பூ. காலையில் வந்தால் மத்தியானம் வரைக்கும் இருப்பார். பிறகு பிரஷ்ஷைக் கழுவிவைத்துவிட்டு, "வாரேன் சாமி, தொழிலுக்கு நேரமாச்சு" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொல்லிவிட்டுக் கிளம்புவார். மொதலாளிக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்துவிடும். படம் வேண்டும், படம் போடுகிற கை ராத்திரி என்ன செய்கிறது என்று மட்டும் அவருக்குத் தெரியக் கூடாது.

எப்படி அந்தத் தொழிலுக்கு வந்தார் என்று நீங்களும் கேட்பீர்கள். எல்லோரும் கேட்பார்கள். பேங்க் மேனேஜரைப் பார்த்து "எப்படிங்க இதுக்கு வந்தீங்க" என்று கண் கலங்கக் கேட்கிறோமா? அக்காவிடம் கேட்பவர்கள் கர்ச்சீப்பைத் தயாராக வைத்துக்கொண்டுதான் கேட்பார்கள். அக்காவும் சளைக்கவில்லை. எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்து மேடம் கேட்டபோது கொடுமைக்காரச் சித்தப்பா ஒருவரை உருவாக்கினார். பேப்பர்காரர் கேட்டபோது பஞ்சம் வந்து காடு காய்ந்தது. காலேஜ் பிள்ளைகளுக்கு ஏமாற்றிய காதலன். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கும். என்னிடம் சொன்னது ஒரே ஒரு தடவை, பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே. கொமாரபாளையத்தில் தறி ஓட்டுகிற குடும்பம். தறிக்குடோன் சுவரில் சாக்பீஸால் படம் போட்டதற்குச் சின்ன வயதில் வாங்கிய அடி. பிறகு கல்யாணம். "ஊட்டுக்காரன் சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டான். எனக்குத் தறிச்சத்தம் ஆகல. இதுல ஊடு நடந்துச்சு, படமும் போட நேரம் கெடச்சுது. அவ்வளவுதான் கண்ணு. அழுகறதுக்கு இதுல ஒண்ணுமில்ல."

அந்த எய்ட்ஸ் திட்டத்துக்காரர்கள் லாரிப்பேட்டை சுவரில் ஒரு படம் போட்டிருந்தார்கள். லாரிக்குப் பக்கத்தில் ஒரு பெண், இடுப்புக்குக் கீழே பாம்பு. சீறிக்கொண்டு நிற்கிறாள், டிரைவர் பாவம் பால் மணம் மாறாத முகத்தோடு வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடுங்குகிறார். அக்கா ஒரு நாள் காலை ஏணியும் பெயிண்ட்டுமாகப் போய், டிரைவருக்கும் இடுப்புக்குக் கீழே பாம்பு வரைந்துவிட்டு வந்தார். அதுவும் கொஞ்சம் பெரிய பாம்பாக. பார்த்துக்கொண்டிருந்த டிரைவர்களே விழுந்து விழுந்து சிரித்தார்களாம். திட்டத்து ஆபீசர் வந்து குதித்தபோது, "பாம்பு தானா லாரி ஏறி ஊரூரா போச்சுங்களா? ஓட்டுனவரு யாருங்க?" என்று கேட்டார். அந்தச் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அக்கா, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நிற்கிற பெண்களைச் சேர்த்துச் சங்கம் என்று ஒன்று ஆரம்பித்தது. அதற்கு ஆபீஸ் கிடையாது. எங்கள் பிரஸ்ஸின் பின்கட்டுதான் ஆபீஸ், பசை காய்ச்சுகிற அடுப்புதான் டீக்கடை.

இப்போது பிரியாவிடம் வருகிறேன். வராமல் இருக்க முடியாது.

செல்போனில் படம் எடுக்க முடியாத காலம் அது. ஒரு நாள் காலைப் பேப்பரில் மூலையில் ஒரு செய்தி. பைபாஸ் ஓரத்தில், பாலத்துக்கு அடியில், அடையாளம் தெரியாத பெண் சடலம், சுமார் முப்பது வயது. அதற்கு ரெண்டு நாள் முன்னாலிருந்தே தங்களில் ஒருத்தியான பிரியாவைக் காணோம் என்று சங்கத்துப் பெண்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். சாந்தி ஆஸ்பத்திரிப் பிணவறைக்காரரைக் கெஞ்சி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சாந்தியைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், பஸ் ஸ்டாண்டில் நின்று பேசினால் அடுத்த தெருவில் கேட்கும் குரல் அவளுக்கு. அன்றைக்குப் பக்கத்தில் நின்ற நாங்களே குனிந்து கேட்க வேண்டியிருந்தது. "மொகம் ஒண்ணும் தெரியலக்கா. கால் வெரல்ல அவ எப்பவும் போடற அந்தப் பாம்பு மெட்டி. கழுத்துல கயித்துத் தடம் மாதர இருக்குது" என்றாள்.

ராஜாமணியக்கா நாலு பேரோடு ஸ்டேஷனுக்குப் போனார். எந்த ஸ்டேஷன் என்று சொல்லமாட்டேன், எல்லாம் ஒன்றுதான். நானும் போனேன். மனு எழுத ஆள் வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனார்கள், அங்கே பேனாவைத் திறக்கவே வேலை வரவில்லை. எஸ்.ஐ. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பேரு?"

"பிரியாங்க."

"சொந்தப் பேரு?"

யாருக்கும் தெரியவில்லை. தொழிலுக்கு வந்தால் ஒரு பெயர் வைத்துக்கொள்வது வழக்கம், அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கிற பெயரை இன்னொருத்தியிடம் கேட்பதில்லை. அது அவர்களுக்குள் இருந்த மரியாதை. அந்த மரியாதை அன்றைக்கு ஸ்டேஷனில் இடித்தது.

"ஊரு?"

"தெரியலீங்க."

"நீங்க அவளுக்கு என்ன வேணும்?"

"கூட வேல பாக்கறவங்க."

எஸ்.ஐ. அப்போதுதான் நிமிர்ந்தார். மேலும் கீழும் பார்த்தார். "ஒறம்பர, சொந்தம்னு யாராச்சும் வந்தா பாடி குடுப்போம். இல்லீன்னா ரெண்டு நாள்ல நாங்களே பொதைச்சிருவோம். நீங்க கெளம்புங்க, இங்க நின்னு ஸ்டேஷன் பேரக் கெடுக்காதீங்க." கழுத்துத் தடத்தைப் பற்றிச் சாந்தி வாயெடுத்தாள். "நீ என்ன டாக்டரா?" என்று அவர் கேட்டார். பக்கத்து மேசையில் எழுதிக்கொண்டிருந்த ரைட்டர் ஏட்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது. ஒருத்தி செத்துக் கிடக்கிறாள், அவளைத் தெரிந்தவர்கள் நேரில் வந்து நிற்கிறார்கள், அவள் 'அடையாளம் தெரியாத பெண்'ணாம். அடையாளம் தெரிந்தவர்கள் கணக்கில் சேரமாட்டார்களாம். எரிகிறதா இல்லையா சொல்லுங்கள்.

வெளியே வந்ததும் அக்கா எங்களை வேப்பமரத்தடியில் நிறுத்தினார். அப்புறம் சொன்னார், "அவளுக்குக் கண்ணீர் அஞ்சலி அடிக்கலாம். மொகத்தப் பாத்துட்டு ஒறம்பர வரட்டும். ரெண்டு நாள் இருக்குதல்ல?"

போட்டோ கிடையாது. பிரியா போட்டோவுக்கு நிற்கவேமாட்டாள். எங்காவது வீட்டார் கண்ணில் பட்டுவிடும் என்ற பயம். ஆகவே பிரஸ் பின்கட்டில் எல்லோரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள், அக்கா அட்டையை மடியில் வைத்துக்கொண்டார். மூக்கு கூர் என்றாள் ஒருத்தி, கூர் இல்லை மழுங்கல் என்றாள் இன்னொருத்தி. கண் பெரிசு. புருவம் வில்லாட்ட. மேல்வரிசையில் ஒரு பல் ஏறியிருக்கும். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல முகம் எழுந்து வந்தது. கடைசியில் சாந்தி பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பிரியாவேதான். நான்கூட பிரஸ் வாசலில் பார்த்திருக்கிற அதே பிரியா. நான் அச்சுக்குப் பிளேட் போட அதை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"சித்த நில்லு சாமி" என்றார் அக்கா. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அட கெரகமே. என்ன காரியம் பண்ணிட்டோம். இது நாம பாத்த மொகம். பவுடரு, மையி, செதுக்குன புருவம். இது அவ ஆத்தாளுக்கு எப்படித் தெரியும்?"

உண்மைதான். அந்தப் பெண்கள் சந்திப்பது சாயங்காலம், டீக்கடைக்குப் பின்னால், எல்லோரும் பவுடர் பூசிக் கிளம்பி வந்த பிறகு. வருஷக்கணக்காகப் பக்கத்தில் நின்றிருக்கிறார்கள், ஒன்றாக ஓடியிருக்கிறார்கள், ஒரே ஜெயிலில் படுத்திருக்கிறார்கள். அப்போதுகூட முகத்தில் பழைய மை இருக்கும். பவுடர் இல்லாத பிரியாவை யாரும் பார்த்ததில்லை. ஒவ்வொருத்தியும் யோசித்தாள், ஒன்றும் வரவில்லை.

சாந்திதான் சொன்னாள். "நா பாத்திருக்கேன். பல்லு வலின்னு என்ர ஊட்டுல வந்து படுத்திருந்தா ஒரு வாட்டி. மூஞ்சி கழுவிட்டுத் திரும்புனா, அட நம்ம பிரியாவான்னு இருந்துச்சு. செதுக்காம உட்டு ரொம்ப நாளாயிருந்துச்சு. புருவம் ரெண்டும் நடுவுல சேந்திருக்கும்க்கா. இடது புருவத்துக்கு மேல ஒரு தழும்பு, அதத்தான் அவ பவுடர்ல மறைப்பா. எண்ணெ வெச்சு இழுத்துச் சீவியிருந்தா. பள்ளிக்கூடத்துப் புள்ளையாட்ட இருந்தா." அக்கா இன்னொரு அட்டை எடுத்தார். இந்த முறை சாந்தி மட்டும் பேசினாள். வந்த முகம் எங்கள் யாருக்கும் தெரியாத ஒரு பெண்ணுடையது. நான் முதல் அட்டையைக் குப்பையில் போடப் போனேன், அக்கா கையைத் தட்டிவிட்டார். "அதப் போடாத. அது நம்ம பிரியா. அதுவும் வேணும்."

எந்த ஊரில் ஒட்டுவது? பிரியா பேச்சில்தான் பிடித்தார்கள். இந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லாம் ஊடு, ஊடு என்பார்கள், அவள் வூடு என்பாள். சொல்லிக்கினு, வந்துக்கினு என்பாள். அதற்காக அவளைக் கேலி செய்து தீர்த்திருக்கிறார்கள். ஆத்தூர் ரோட்டுப் பக்கம்தான். ஒரு தடவை தக்காளி விலை பற்றிப் பேசும்போது வாழப்பாடி சந்தையைச் சொன்னாள் என்று ஒருத்திக்கு ஞாபகம் வந்தது.

அப்புறம் வாசகம். அங்கே ஒட்டுகிற போஸ்டரில் தொழிலைப் போடக் கூடாது. அவள் மறைத்துவைத்ததை நாம் அவிழ்க்கக் கூடாது என்றார் அக்கா. மேடையில் அந்த வார்த்தைக்காகச் சண்டை போடுகிற அதே அக்காதான். "எம் பேரு, நா சொல்லுவேன். அவ பேரு, அவதான் சொல்லோணும்." அதனால் வாழப்பாடிக்குப் பவுடர் இல்லாத முகமும், 'எங்கள் தோழி' என்ற தலைப்பும். நாமக்கல்லுக்குப் பவுடர் முகம், 'பிரியா' என்ற பெயர். நாமக்கல் போஸ்டரில், மனைவி மக்கள் மருமக்கள் வருகிற இடத்தில், 'இப்படிக்கு பாலியல் தொழிலாளர்கள்' என்று போட்டு, ஒவ்வொருத்தியும் தன் சொந்தப் பெயரைச் சொன்னாள். தொழில் பெயர் இல்லை, அம்மா அப்பா வைத்த பெயர். நான் அடித்தேன். ரெண்டு இடத்தில் தப்பாக அடித்துத் திருத்தினேன்.

மொதலாளி புரூப்பைப் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ஏம்மா, என்னைய ஜெயிலுக்கு அனுப்பறதுன்னே முடிவு பண்ணிட்டீங்களா? அடியில நம்ம பிரஸ் பேரு வேற இருக்குது!" பிரஸ் பெயர் போடாமல் அடிக்க முடியாது, அது சட்டம். அக்கா அமைதியாகச் சொன்னார், "உங்க ஊட்டுக் கல்யாணப் பத்திரிக்கைல இருக்கற புள்ளையாரு இந்தக் கைதானுங்க போட்டுச்சு. அதத் தொட்டுக் கும்புட்டீங்கல்ல?" மொதலாளிக்கு இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டு மெஷின்காரரிடம் ஓட்டச் சொன்னார்.

பிரஸ்ஸில் போஸ்டர் ஒட்டுகிறவர்கள் ராத்திரி போகலாம் என்றார்கள். "ராத்திரி ஒட்டறது கட்சிக்காரங்க வேல. நாங்க என்ன திருடியா ஒட்டறோம்?" என்றார் அக்கா. மறுநாள் காலை நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் பிரியாவை ஒட்டிவிட்டுக் கிளம்பினோம், அன்றைக்கு வாழப்பாடியில் சந்தை. பட்டப்பகல், தக்காளிக் கூடைகளும் ஆடுகளும் கூட்டமும். பசை வாளியைச் சாந்தி தூக்கிக்கொண்டாள். சுவர், டீக்கடைத் தட்டி, மின்கம்பம், சந்தை வாசல் என்று எல்லா இடத்திலும் ஒட்டினோம். ஒட்டிவிட்டு நகராமல் பக்கத்திலேயே நின்றோம். நின்று பார்த்துவிட்டுப் போனார்கள் பலர். ஓர் ஆயா 'இச்' கொட்டி, "வயசுப் பொண்ணு, என்னாச்சாம்மா?" என்று கேட்டது. யாரும் எங்களை என்ன தொழில் என்று கேட்கவில்லை. சாவு வீட்டுக்காரர்களை யாரும் அப்படிக் கேட்பதில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் பிரஸ்ஸுக்கு ஓர் ஆள் வந்துவிட்டான். அடியில் இருந்த முகவரியைப் பார்த்து வந்தவன். சட்டையில் மரவள்ளிப் பால் கறை. சுவரிலிருந்து உரித்த போஸ்டரை ஈரத்தோடு மடித்துக் கையில் வைத்திருந்தான்.

"இது எங்க அக்காங்க. ஸ்பின்னிங் மில்லுல இருக்குதுன்னு சொல்லிச்சு." தண்ணீர் கொடுத்தோம். குடித்துவிட்டுப் படத்தை விரித்தான். "வூட்ல இருந்த மாதிரியே இருக்குது. இந்தத் தழும்பு நான் கல்லு வுட்டு அடிச்சது. யாருங்க வரைஞ்சது?" அக்கா எழுந்து செருப்பை மாட்டினார். அவனைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். தம்பி என்று ஒருவன் வந்து நின்றதும் நாற்காலி வந்தது, பெயர் வந்தது, கையெழுத்து வந்தது. மறுநாள் விடிந்தால் குழி வெட்டியிருப்பார்கள்.

உடம்பை வண்டியில் ஏற்றிய பிறகு அவன் திரும்பி வந்தான். அதற்குள் ஸ்டேஷனில் யாரோ சொல்லியிருப்பார்கள், முகமே மாறிவிட்டிருந்தது. நாமக்கல் போஸ்டரையும் வழியில் பார்த்திருப்பான். "எங்க ஊர்ல ஒட்டுனதெல்லாம் இன்னிக்கே கிழிச்சிருங்க. எனக்குப் பொண்ணு இருக்குது. நாளைக்கு நாங்க அங்க பொழைக்கணும்." நீங்கள் யாரும் காரியத்துக்கு வந்துவிட வேண்டாம் என்றும் சொன்னான். கை கூப்பிக்கொண்டேதான் சொன்னான், அதுதான் இன்னும் எரிச்சல். தேடிக் கண்டுபிடித்து, வரைந்து, வெயிலில் நின்று உடம்பை மீட்டுக் கொடுத்தவர்களைப் பார்த்து, வராதே என்கிறான். நான் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று எழுத முடியாது.

அக்கா என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். மறுநாள் காலை வாளியும் சுரண்டியும் எடுத்துக்கொண்டு சாந்தியோடு வாழப்பாடி போய், ஒட்டிய அத்தனையையும் நனைத்து நனைத்துச் சுரண்டி எடுத்துவிட்டு வந்தார். அவர் திரும்பி வரும்வரை எனக்கு ஆறவில்லை. "அவன் சொன்னா நீங்க ஏங்க்கா போனீங்க?" என்றேன். "அந்த மொகம் அவங்க ஊட்டு மொகம் சாமி. கேட்டாங்க, குடுத்தாச்சு" என்றார். கை நகமெல்லாம் பசை. "பிரியா நம்மளது. அதக் கிழிக்கச் சொல்றதுக்கு எவனுக்கும் பாத்தியத கெடையாது."

கிழிக்கத்தான் செய்தார்கள். பஸ் ஸ்டாண்டு வியாபாரிகள் நாலு பேர், குடும்பப் பெண்கள் நடமாடுகிற இடம் என்று கிழித்தார்கள். அந்த நாலு பேரில் ரெண்டு பேரைச் சாந்திக்கு நன்றாகத் தெரியும். எப்படித் தெரியும் என்று அவளே பஸ் ஸ்டாண்டு கேட்க உரக்கச் சொன்னாள். அதற்கப்புறம் கிழிக்கவில்லை. அக்கா மறுபடி ஒட்டினார், பகலில். வழக்கு மட்டும் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். அடையாளம் தெரியாத வாகனம் மோதி இறப்பு என்று முடித்துவிட்டார்கள். வாகனம் கழுத்தில் கயிற்றைக் கட்டியா மோதும்? அக்கா கலெக்டர் ஆபீஸ் படியேறி, கோர்ட் படியேறி, கடைசி வரை அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பதில் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு செத்த எந்தப் பெண்ணையும் போலீசே புதைக்க அவர் விடவில்லை. முகம் வரைந்தார், நாங்கள் அச்சடித்தோம், பெண்கள் பேர் போட்டு ஒட்டினார்கள். சிலருக்குச் சொந்தம் வந்தது, பலருக்கு வரவில்லை. வராதவர்களின் உடலை மனுப் போட்டு, சண்டை போட்டு வாங்கி அக்காவே கொள்ளி வைத்தார். இன்றைக்குக் கண்ணாடிக்குள் தொங்குவது அந்த முகங்கள்தான்.

அக்கா போய் நாலைந்து வருஷம் ஆகிறது. சர்க்கரை, அப்புறம் கிட்னி. அந்த பிரஸ் இருந்த இடத்தில் செல்போன் கடை. பஸ் ஸ்டாண்டு பின்பக்கத்து டீக்கடை இல்லை. அங்கே சாயங்காலம் நின்ற பெண்களும் இல்லை. ஊர் திருந்திவிட்டது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். திருந்தவெல்லாம் இல்லை. எல்லாம் போனுக்குள் போய்விட்டது. ஒவ்வொருத்தியும் ஒரு வாடகை அறையில் தனியாக இருக்கிறாள், அடுத்த தெருவில் இன்னொருத்தி இருப்பது தெரியாது.

இந்த மழைக்காலத்தில் பேப்பரில் மறுபடி பார்த்தேன். பைபாஸ் ஓரம், அடையாளம் தெரியாத பெண், சுமார் இருபத்தைந்து வயது. அப்படியே சாந்திக்குப் போன் போட்டேன். அந்தக் குரலும் இப்போது இறங்கிவிட்டது.

"பாத்தேன் கண்ணு. தெரிஞ்ச புள்ளைங்க எல்லாத்துக்கும் போன் பண்ணிக் கேட்டுட்டேன். ஒருத்திக்கும் தெரியல."

"படம் போட ஒரு பையன் இருக்கான் சாந்தி. நான் கூட்டிட்டு வர்றேன். ஸ்டேஷனுக்குப் போவோம்."

"வரையறதுக்கு ஆள் இருக்குது சாமி. அவ மூக்கு எப்படி இருந்துச்சுன்னு யாரு சொல்றது?"

வெள்ளிக்கிழமை பேப்பரில் ரெண்டு வரி வந்தது, உடலை யாரும் உரிமை கோராததால் போலீசாரே அடக்கம் செய்தனர் என்று.